உங்களுக்குத் தெரியுமா? – வயசே ஏறாத வாண்டுகள்

★ மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் வழியில் இருக்கும் பள்ளிவாசல், 1972 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் பிறக்கும்வரை எந்த மாவட்டத்தில் இருந்தது? கோட்டயத்தில்! அதே மாவட்டத்தின் தலைநகரிலிருந்து வந்துகொண்டிருந்த மலையாள மனோரமா வார இதழில்தான், 1957இல் 'போபனும் மோளியும்' படக்கதை தலைகாட்டியது. அப்படிப் பார்த்தால் கேரளத்தின் மிகப் பிரபலமான இந்தக் குறும்புப் பிள்ளைகள் பள்ளிவாசல்காரர்களுக்குச் சொந்த மாவட்டத்துப் பிள்ளைகள்.

★ வரைந்தவர் டோம்ஸ். முழுப்பெயர் வி.டி.தாமஸ், குட்டநாட்டுக்காரர். பக்கத்து வீட்டு அண்ணனும் தங்கையும் இவர் வீட்டு வளவைக் குறுக்கு வழியாக்கி ஓடித் திரிவார்களாம். ஒருநாள் அந்தச் சிறுமி, 'என்னைப் படமா வரைஞ்சு தாங்க' என்று கேட்க, பிறந்தது தொடர். பெயரைக்கூட மாற்றவில்லை, நிஜப் பெயர்கள்தான். இன்றைக்கு இப்படிச் செய்தால் அப்பா அம்மா சும்மா விடுவார்களா என்பது வேறு கதை.

★ கதையில் அந்தப் பிள்ளைகளின் அப்பா போத்தன் ஒரு வக்கீல். கட்சிக்காரர் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊர் பெயர் கீழ்க்காம்தூக்கு. அதன் பஞ்சாயத்துத் தலைவர் இட்டுண்ணன் வீட்டில் மனைவியிடம் பெட்டிப்பாம்பு. தொடர் வந்த 1957ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் ஈ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பதவியேற்றது. டீக்கடைதோறும் அரசியல் பேசிய ஊரில் பஞ்சாயத்துத் தலைவரைக் கேலிப்பொருளாக்கினால் ஓடாமல் என்ன செய்யும்? ஆனால் பின்னால் சேர்ந்த கிதார் பேர்வழி அப்பி ஹிப்பியை ஆரம்ப இதழ்களில் தேடாதீர்கள். 1957இல் ஹிப்பி ஏது!

★ இந்தப் படக்கதை வந்தது கடைசிப் பக்கத்தில். அதனால் மலையாளிகள் பலர் அந்த இதழைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டப் பழகிவிட்டார்கள். 1971இல் சசிகுமார் இயக்கத்தில் இது சினிமாவாகவும் வந்தது.

★ போபனுக்கும் மோளிக்கும் கடைசிவரை வயசு ஏறவில்லை. இதற்கு நேர் எதிராக ஒருவர் கிளம்பினார்: ரப்பர் வாரிய ஊழியராக இருந்த கோட்டயத்துக்காரர் ஜி.அரவிந்தன். 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' (சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்) வரைந்தார். நாயகன் ராமு, படித்துவிட்டு வேலை தேடும் ஏழைப் பையன். வாரா வாரம் அவனுக்கு வயசு ஏறும். வேலை கிடைக்கும், பணம் வரும், ஆரம்பத்தில் பேசிய நியாயமெல்லாம் மெல்லக் கரையும். கூடவே குருஜி என்றொரு பெரியவர் வருவார். இந்தியாவின் முதல் வரைகதை நாவல் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு; என் ஓட்டும் அதற்கே. சிரிக்க வைத்துக்கொண்டே ஒருவனை இப்படி வழுக்கி விழச் செய்ய டோம்ஸால்கூட முடியாது. பிறகு அரவிந்தன் சினிமாவுக்குப் போனார். முதல் படம் 'உத்தராயணம்'. அதிலும் நாயகன் வேலையில்லாப் பட்டதாரிதான்!

★ வயசுப் பிரச்சினைக்கு அமெரிக்காவின் லீ ஃபாக் வேறொரு வழி கண்டுபிடித்தார். நம் ராணி காமிக்ஸில் 'மாயாவி'யாக வந்த முகமூடி வீரரை அவர் பத்திரிகையில் தொடங்கியது 1936 பிப்ரவரி 17இல். ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞனையே முகமூடிக்குள் வைப்பதாகத்தான் முதலில் திட்டம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, 400 ஆண்டுகளாக அப்பனுக்குப் பின் பிள்ளை என்று முகமூடி மாட்டும் பரம்பரையைக் கொண்டுவந்தார். நாம் படிப்பது 21ஆவது ஆள். ஜிம்மியை அப்புறம் யாரும் தேடவில்லை.

★ தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' 20,000 நாட்களைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. ஓவியர்கள் மாறினார்கள், நாயகன் சிந்துபாத் மாறவில்லை. இழுபறியான வழக்கு, முடியாத பாலம், தள்ளிப்போகும் கல்யாணம் எல்லாவற்றுக்கும் 'கன்னித்தீவு மாதிரி' என்ற பேச்சு வந்ததுதான் மிச்சம்.

★ வழக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. டோம்ஸ் 1987இல் மனோரமாவை விட்டு விலகினார். போபனும் மோளியும் யாருக்கு என்று பஞ்சாயத்து கேரள உயர் நீதிமன்றம்வரை போனது. அவர் மனோரமாவில் வேலைக்குச் சேர்ந்தது 1961இல். பிள்ளைகள் பிறந்ததோ அதற்கும் முன்பே. வேலையை விட்ட பிறகு அவர்களை அவர் வரைவதைப் பத்திரிகை தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். கட்சிக்காரரே இல்லாத போத்தன் வக்கீலின் பிள்ளைகளுக்காக நிஜ வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள்!