உங்களுக்குத் தெரியுமா? சாயம் போகாத சங்கதிகள்!

12,000 கடல் நத்தைகள்! 1909-இல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் இத்தனையிலிருந்தும் பிரித்தெடுத்த ஊதாச் சாயம் எவ்வளவு தெரியுமா? வெறும் 1.4 கிராம்! ரோமாபுரிப் பேரரசர்கள் உடுத்திய ஊதா இதுதான்!

அதைவிட அதிசயம் கேளுங்கள். இந்த நத்தை ஊதாவும் நம் அவுரிச் செடி நீலமும் அண்ணன் தம்பி! நீல மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் ஊதா!

அவுரிச் சாயத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே நீலத் தண்ணீரே இருக்காது! மஞ்சளும் பச்சையுமாக ஒரு நீர், மேலே செம்பு போல மினுக்கும் நுரை. நூல் கழியை முக்கி எடுங்கள். பச்சை! காற்றில் பிடியுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறும்! கருநீலம் வேண்டுமா? மறுபடி முக்குங்கள், மறுபடி காற்றாட விடுங்கள். நீலம் போடுவது காற்று!

பெரு நாட்டில் கிடைத்த அவுரி நீலத் துணிக்கு வயது சுமார் 6,000!

இந்த நீலத்தை ஆலையில் செய்ய ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கொட்டிய பணம் 1 கோடியே 80 லட்சம் தங்க மார்க்! 1897-இல் சரக்கு சந்தைக்கு வந்தது. வங்காளத்து அவுரி வியாபாரம் படுத்தது!

அரைக் கிலோ கூட இல்லாத சிவப்புச் சாயத்துக்கு 70,000 பூச்சிகள்! கோச்சினீல் பூச்சி வாழ்வது சப்பாத்திக்கள்ளியில். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம்! சாயம் சுமார். ஆனால் கள்ளியை உறிஞ்சியே ஒழித்துக்கட்டியது. பூச்சியை ஏவிக் களையை அழிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது இந்தப் பூச்சிதான்!

1856. லண்டன். மலேரியா மருந்தான குயினைனைச் செய்யப் பார்த்தார் வில்லியம் பெர்க்கின். கிடைத்தது கறுப்புக் கசடு! அதிலிருந்து வந்ததுதான் மாவ் என்ற செயற்கை ஊதா. அவருக்கு வயது 18! அடுத்த இரண்டே ஆண்டில், மகள் கல்யாணத்துக்கு விக்டோரியா மகாராணி உடுத்தியது மாவ் நிறம்!

சோழமண்டலக் கரையின் சாயவேர் சிவப்பு துவைக்கத் துவைக்கப் பளிச்சிடும்! இப்படிச் சாயம் போகாத நம் இந்தியப் பூத்துணிகளைக் கண்டு உள்ளூர் நெசவு படுத்துவிடுமென்று பிரான்ஸ் மிரண்டது. 1686 முதல் 1759 வரை தடை. 73 ஆண்டுகள்!

சாயவேரின் சிவப்புக்குக் காரணம் அலிசரின். அதை ஆலையில் செய்யும் முறைக்கு 1869 ஜூன் 25-இல் காப்புரிமை கேட்டார்கள் மூன்று ஜெர்மானியர்கள். அதே சாயத்துக்கு நம் பெர்க்கினும் விண்ணப்பித்தார். எப்போது? ஜூன் 26!