மிச்சம் வைக்கும் குளிசை

நான் போகும் பல வீடுகளில் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரின் இருக்கும். உள்ளே மிச்சக் குளிசைகள். "மகளுக்குத் தொண்டை நோ மூன்றாம் நாளே சுகம், மிச்சத்தைத் தம்பிக்கு வைச்சிருக்கிறன் தங்கச்சி" என்பார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் மருந்துக்கு அலைந்தவர்களின் சிக்கனம் இது. குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் இந்த நோயில் அது ஆபத்து.

தொண்டை நோ பெரும்பாலும் வைரசால் வருவது. மூக்கு ஓடும், இருமும், தானாகவே மாறும். ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற பக்ரீறியாவால் வருவது வேறு. திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத நோ, கழுத்தில் நெறி, தொண்டையில் வெள்ளைப் படை. இருமல் அநேகமாக இராது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே கூடுதலாக வரும். உடனே டாக்குத்தரிடம் காட்டுங்கள். பெனிசிலின் குளிசை என்றால் வழக்கமாக 10 நாள்.

இடையில் நிறுத்தினால் கிருமி மிஞ்சலாம். சிலருக்கு இரண்டு மூன்று கிழமையில் வாதக்காய்ச்சல் வந்து மூட்டுகள் வீங்கும், இதய வால்வும் பழுதாகும். பிறகு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ஊசி, பல வருடங்களுக்கு. தனியே உழைக்கும் தாய்க்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் கூலி. நோ தொடங்கி 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் இதைத் தடுக்கலாம்.

தம்பிக்கு நொந்தால் அவனையும் கூட்டிப்போங்கள். பெனிசிலினால் முன்பு உடம்பில் தடிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.