தாய்மாரின் உறக்கம்

இல்லத்தில் எல்லோரும் உறங்கிய பின் உறங்கி, எல்லோருக்கும் முன் எழுபவள் தாய். இதனைப் பெருமையாகவே பேசுகிறோம். அவ்வுறக்கம் குறைந்தால் விளையும் கேட்டை எண்ணுவதில்லை. கொரோனாக் காலம் அதனை எனக்கு உணர்த்தியது.

2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. பயணிகள் இரயில்கள் நின்றன. தீவுப் பயணமும் தடைப்பட்டது. யான் சென்னையில் இரயில்வே எழுத்தன். என் தமக்கையார் இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில் வாழ்கிறார். அந்நாட்களில் நள்ளிரவில் தொலைபேசியில் அழைப்பார். "தம்பி, அம்மாவுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே?" என்பதே முதற் கேள்வி. இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மிகுந்த கடல். பகலெல்லாம் வீட்டு வேலை, பிள்ளைகளின் பாடம், மாமியாருக்குப் பணிவிடை, இரவெல்லாம் கவலை. சில மாதங்களில் எதற்கெடுத்தாலும் கண் கலங்கலானார். வேலைக் களைப்பென்று நாங்கள் வாளாவிருந்தோம். அது எங்கள் பிழை.

தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் சுமார் 25 விழுக்காடு மிகுந்தன என்றும், ஆண்களினும் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. உறக்கமின்மையும் மனத்துயரும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

அந்தமான்வாழ் அன்பர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. கடிகாரம் சென்னைக்கும் தீவுக்கும் ஒன்றே; கதிரவனோ தீவில் சுமார் 50 நிமிடம் முன்னரே எழுகின்றான். தாயகத்து உறவினர் உறங்கும்வரை பேசியிருந்து, வைகறை வெளிச்சத்தில் எழுந்தால் இரு முனையிலும் உறக்கம் தேயும்.

வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் நன்று. மாலைக்குப் பின் காப்பியும், படுக்கையில் கைப்பேசியும் வேண்டா. மருத்துவரைக் கேளாது உறக்க மாத்திரை உண்ணலாகாது. வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் கெட்டு, அது மாதக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடுக. 2022இல் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

என் தமக்கையார் மருத்துவரைக் கண்டார். எங்கள் உரையாடல் மாலைக்கு மாறியது. இரவில் பாத்திரம் துலக்கும் பணியை அத்தான் ஏற்றார். மெல்ல மெல்ல உறக்கம் திரும்பிற்று. முகத்தில் தெளிவும் திரும்பிற்று.

கொள்ளைநோய் தணிந்தது, தாய்மாரின் சுமை தணிந்ததா? இன்றிரவு நம் வீட்டில் கடைசியாக விளக்கணைப்பவர் யார் என்று ஆடவர் ஒவ்வொருவரும் நோக்குவாராக.