காற்றை எடைபோடும் உணரி

செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகரும் மகிந்திரா உலக நகரும் மகிழுந்துத் தொழில் வளர்ந்த இடங்கள். இத்தகைய ஆலைகளில் உருவாகும் வண்டி, அருகிலுள்ள மாமல்லபுரக் கடற்கரையிலும் தொலைவிலுள்ள உதகை மலையிலும் ஒன்றுபோல் ஓடவேண்டும். ஆனால், ஈரிடத்துக் காற்றும் ஒன்றல்ல. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 77 மட்டுமே.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறையும்போது எரிபொருளும் குறையாவிடில் கரும்புகை எழும், எரிபொருள் வீணாகும்.

பல மகிழுந்துகளில் இக்கணக்கிற்கு உதவுவது, இயந்திரத்தின் காற்று உள்ளீட்டுக் குழாயில் பொருத்தப்படும் அழுத்த உணரி. அதனுள் மெல்லிய சிலிக்கான் தகடு உண்டு. தகட்டின் ஒருபுறம் வெற்றிடம். மறுபுறம் குழாயின் காற்று. காற்றழுத்தத்தால் தகடு வளையும்போது, அதிலுள்ள மின்தடைகளின் மதிப்பு மாறுகிறது. அம்மாற்றம் மின்னழுத்தமாக மின்னணுக் கட்டுப்பாட்டகத்தை அடைகிறது. காற்றின் வெப்பநிலை, இயந்திரத்தின் சுழல்வேகம் ஆகியவற்றையும் சேர்த்துக் காற்றின் நிறையைக் கணிக்கும் கட்டுப்பாட்டகம், அதற்கேற்ற அளவில் எரிபொருளைத் தெளிக்கச் செய்கிறது.

முடுக்கியை மிதிக்காதபோது காற்றுவழி பெரிதும் மூடியிருக்கும். உந்துருளைகள் காற்றை உறிஞ்சுவதால், கடற்கரையில் நிற்கும் வண்டியிலும் குழாயின் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை தாழும். முழுவதும் மிதித்தால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கும். இயந்திரம் இயங்கும்முன் உணரி காட்டுவதோ அவ்விடத்தின் வளியழுத்தமே. ஆகவே, மலையேறும் மகிழுந்துக்கு உயரத்தை எவரும் சொல்லவேண்டியதில்லை.

உணரியின் துளையில் கரி படிந்தால் கணக்குப் பிழைக்கும். அச்சிறு துளையைத் தூய்மையாகப் பேணுதல், எரிபொருளையும் நாம் உயிர்க்கும் காற்றையும் காப்பதாகும்.