தரிசு என்று எழுதப்பட்ட மேய்ச்சல் நிலம்

மாசி, பங்குனியில் தஞ்சை, திருவாரூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான செம்மறிகள் மேயும். அவை பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து கீதாரிகள் என்னும் மேய்ப்பர்கள் ஓட்டிவந்தவை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் அந்த வானம் பார்த்த பூமியில் தை கழிந்தால் புல் காயும், கண்மாய் வற்றும். டெல்டாவிலோ அப்போதுதான் சம்பா அறுத்த தாள் நிற்கும்.

விவசாயி இடம் கொடுப்பது கிடைக்காக. பகலில் மேய்ந்த மந்தையை இரவில் வயலிலேயே அடைக்கிறார்கள். மறுநாள் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். இப்படிச் சில இரவுகளில் வயல் முழுக்க எரு சேர்ந்துவிடும். வண்டி வாடகை இல்லை, அள்ளிக் கொட்டும் கூலியும் இல்லை. தொழுவத்தில் வீணாகிற மூத்திரம் இங்கே நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. கிடை எழுந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் போய்விடும். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்பது சம்சாரிகள் வாக்கு. புழுக்கை சீக்கிரம் மட்கி, அந்தப் போகத்துக்கே பலன் தரும். இதற்குக் கீதாரிக்குப் பணமோ நெல்லோ கூலி.

கீதாரிகளின் வேலை லேசானதல்ல. இளங்குட்டிகளால் மந்தையோடு நடக்க முடியாது. அவற்றைக் கூட்டுக்குள் அடைத்துப் பகலெல்லாம் காவல் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்து மந்தை திரும்பியதும் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று பார்த்துப் பாலூட்ட விட வேண்டும்.

டெல்டாவில் தண்ணீர் திறந்து நடவு தொடங்கினால் மந்தை ஊர் திரும்பியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். பயிர் வைக்காத நிலத்தை அரசுக் கணக்கு 'தரிசு' என்கிறது. மழைக்குப் பின் அங்கே ஆடு மேயும் மாதங்களுக்கு அதில் இடமில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி அருகே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அது பிடித்த நிலம் சுமார் 2,500 ஏக்கர். சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சும்மா கிடந்த நிலம்தானே என்ற பேச்சை ஏற்க முடியாது. மிச்ச நிலத்தைச் சீமைக் கருவேலம் மூடிவருகிறது. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். மந்தையே தன் மேய்ச்சலை அடைத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை ஏற்கிறது. அது காட்டுக்குத்தான். கீதாரி நடப்பதோ கண்மாய்க்கரையிலும் புறம்போக்கிலும் அடுத்தவர் பட்டா வயலிலும். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்றுமுன் கீதாரியைக் கேட்கும் வழக்கம் இந்த ஆண்டிலாவது தொடங்க வேண்டும். கேட்பதற்கும் காலம் பார்க்க வேண்டும்: மே 1 அன்று ஊரில் கிராம சபை கூடும்போது அவர் பெரும்பாலும் டெல்டாவில் இருப்பார்.