இரண்டாவது தலைநகர்

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவல் ஒரு பிரிவோடும், திருகோணமலையிலிருந்து கேர்ணல் பார்பட் இன்னொரு பிரிவோடும் வந்து சேர்ந்தார்கள். நகருக்குள் வந்து பார்த்தால் வீதிகளில் ஆளில்லை. அரண்மனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இல்லை, பொக்கிஷம் இல்லை, தலதா மாளிகையில் இருந்த புத்தரின் புனித தந்தமும் இல்லை. மலைகளுக்கு அப்பால், சுமார் 30 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஹங்குராங்கெத்தைக்கு அரசு இடம் மாறிவிட்டிருந்தது.

கண்டியார் இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்றில்லை. 1638இல் போர்த்துக்கேயர் கண்டியைப் பிடித்து எரித்தார்கள். எரிந்தது வெறும் நகரம். திரும்பும் வழியில், இன்றைய பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் உள்ள கன்னொறுவையில் அவர்களுடைய படை அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களுக்கும் ஆளில்லாத நகரமே கிடைத்தது. சில மாதங்களில் நோயும் பசியும் தாங்காமல் இறங்கிப் போனார்கள். மூன்று ஐரோப்பிய வல்லரசுகள் தலைநகரைப் பிடித்தும் இராச்சியத்தைப் பிடிக்க முடியவில்லை. அரசு கட்டடத்தில் இல்லை, அதை வேறோர் இடத்திலிருந்தும் நடத்தலாம் என்பதைக் கண்டி மன்னர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய வங்கிகளும் வைத்தியசாலைகளும் தொலைபேசி நிறுவனங்களும் தங்கள் கணக்குகளைக் காப்பதும் இதே முறையில்தான். ஓர் இடத்தில் வேலை செய்யும் தரவுத்தளம் முதன்மை. பொறியியலாளர்கள் அதைப் பிரைமரி என்பார்கள். வேறோர் ஊரில் அதே கணக்குகளோடு தயாராக நிற்பது மாற்றுத்தளம், அவர்கள் மொழியில் ஸ்டேண்ட்பை. ஒன்று விழுந்தால் மற்றது எழும். சொல்லும்போது எளிமையாக இருக்கிறது. நகல் எடுப்பதும் உண்மையில் அவ்வளவு கடினமில்லை. எந்த நொடியில், யார் சொல்லி, எது முதன்மையாகிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

குறிப்பேடும் பேரேடும்

பழைய கடைக்கணக்கில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் பதிவது பேரேடு. பேரேடு கிழிந்துபோனாலும் குறிப்பேடு இருந்தால் போதும், முதல் வரியிலிருந்து மறுபடி பதிந்து பேரேட்டைத் திருப்பி எழுதிவிடலாம்.

தரவுத்தளமும் இப்படித்தான் வேலை செய்கிறது. தலதா வீதியில் உள்ள ஓர் ஏடிஎம்மில் நீங்கள் 5,000 ரூபாய் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்குப் பக்கத்தை வட்டில் மாற்றி எழுதுமுன், "இந்தக் கணக்கில் இவ்வளவு குறைந்தது" என்ற வரி ஒரு குறிப்பேட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஏறுமுகமான இலக்கம் உண்டு. ஒராக்கிள் மென்பொருளில் இந்தக் குறிப்பேட்டுக்கு ரீடூ லாக் என்று பெயர், போஸ்ட்கிரெஸில் வால் (WAL).

முதன்மை இந்தக் குறிப்பேட்டை வரிவரியாகக் கம்பிவழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். தூரத்தில் இருக்கும் மாற்றுத்தளம் வந்த வரிகளை அதே வரிசையில் தன் பேரேட்டில் பதியும். வரி 9,00,000 வரை முதன்மை எழுதியிருக்கிறது, மாற்றுத்தளம் 8,99,990 வரை பதிந்திருக்கிறது என்றால் அந்தப் பத்து வரிகள்தான் இரண்டுக்கும் இடையிலான பின்னடைவு. ஒரு பேரிடரில் நாம் இழக்கப்போவது எவ்வளவு என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

மாற்றுத்தளம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை தயாரிப்பது, தேடிப் பார்ப்பது போன்ற, படிக்க மட்டும் வேண்டிய வேலைகளை அதனிடம் கொடுக்கலாம். கண்டியில் இதைப் புரியவைப்பது சுலபம். எசல பெரஹராவில் யானைமேல் ஊர்வலமாகச் செல்வது தந்தப் பேழையின் பிரதி. புனித தந்தம் மாளிகையிலேயே இருக்கிறது. கூட்டத்தின் கண்களை ஏற்கும் பொறுப்பு பிரதியினுடையது.

ஒளிக்கும் நேரம் ஆகும்

எவ்வளவு தூரத்தில் மாற்றுத்தளத்தை வைப்பது? பக்கத்துக் கட்டடத்தில் வைத்தால் அதே தீ இரண்டையும் எரிக்கும். கொழும்பு கடலோரத் தாழ்நிலம். வெள்ளம் அதன் கவலை. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுனாமி இங்கே வராது. ஆனால் மண்சரிவு வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டிலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் கண்டி. ஆபத்தே இல்லாத ஊரைத் தேடினால் கிடைக்காது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே ஆபத்து ஒரே நாளில் வரக்கூடாது என்பதையே பார்க்க வேண்டும். கண்டி மன்னர்களுக்குக் குண்டசாலையிலும் ஓர் அரண்மனை இருந்தது. ஆனால் அது கண்டிக்கு மிக அருகில். கண்டியைப் பிடித்த படை அன்றே அங்கும் போய்விடும். ஹங்குராங்கெத்தைக்குப் போவதென்றால் மலை ஏற வேண்டும்.

தூரம் கூடினால் நேரமும் கூடும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கண்டியிலிருந்து கொழும்புக்கு வீதியோரமாக 115 கிலோமீற்றர் இழை என்று கொண்டால், போய்வர ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்றே அதிகம். சிங்கப்பூர் வரை போய்வருவதானால் 27 மில்லிசெக்கனுக்குக் குறையாது. ஏடிஎம் முன்னால் நிற்பவருக்கு இது உறைக்காது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் பதிவுகள் காத்திருக்கும்போது கண்டி–கொழும்புக் கணக்கு ஒரு செக்கனைத் தாண்டிவிடும். சிங்கப்பூர்க் கணக்கு 27 செக்கனாகிவிடும்.

இங்கேதான் நிர்வாகம் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. "அந்தப் பக்கம் வரி வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைத்த பிறகே பணத்தைக் கொடு" என்றால் இழப்பு இருக்காது; ஆனால் வேலை மெதுவாகும், இணைப்பு அறுந்தால் முதன்மையும் நிற்கக்கூடும். "நீ கொடுத்துவிடு, வரி பின்னால் போய்ச் சேரட்டும்" என்றால் வேகம் கிடைக்கும். விபத்து நேரத்தில் கடைசிச் சில வரிகள் போய்விடும். வேகமும் வேண்டும், இழப்பும் கூடாது, தூரமும் வேண்டும் என்று மூன்றையும் கேட்பவருக்கு ஒளியே மறுப்புச் சொல்லிவிடும்.

அமைதியாக மாறுவது

இடம் மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. திட்டமிட்டு மாற்றுவது ஸ்விட்ச்ஓவர். முதன்மையைப் பழுதுபார்க்க வேண்டும், அல்லது ஒத்திகை பார்க்க வேண்டும் என்ற நாளில் செய்வது. முதலில் பின்னடைவைச் சரிபார்ப்பார்கள். புதிய வேலைகளை நிறுத்துவார்கள். முதன்மை தன் குறிப்பேட்டின் கடைசி வரியை அனுப்பி, "இத்தோடு என் எழுத்து முடிந்தது" என்று அடியில் ஒரு கோடு போடும். மாற்றுத்தளம் அந்தக் கோடு வரை பதிந்து முடித்த பிறகே எழுதும் உரிமையை ஏற்கும். பழைய முதன்மை அந்தக் கணத்திலிருந்து மாற்றுத்தளமாகி, எதிர்த்திசையில் வரிகளை வாங்கத் தொடங்கும். பிறகு செயலிகளுக்கு "இனி அந்த முகவரிக்குப் போ" என்று சொல்ல வேண்டும். பல இடங்களில் தரவுத்தளம் சரியாக மாறியும் இந்தக் கடைசிப் படி தவறி, சேவை நின்றுபோகும். அரசர் இடம் மாறியது தெரியாமல் ஓலையோடு பழைய அரண்மனை வாசலில் தூதன் நிற்பதைப் போன்றது அது.

இரண்டாவது வகை ஃபெயில்ஓவர். முதன்மை செத்துவிட்டது; கோடு போட ஆளில்லை. மாற்றுத்தளம் தன் கையில் உள்ளதை வைத்துக்கொண்டு எழ வேண்டும். இங்கே அஞ்ச வேண்டியது இழந்த வரிகளை மட்டுமல்ல. முதன்மை உண்மையில் செத்ததா, அல்லது வீதியில் கம்பி மட்டும் அறுந்ததா? மாற்றுத்தளத்துக்கு இரண்டும் ஒரே மௌனமாகத்தான் கேட்கும்.

இரண்டு மன்னர்கள்

1803 மார்ச்சில் ஆங்கிலேயர் ஆளில்லாத கண்டி நகரத்தில் முத்துசாமி என்ற நாயக்கர் குலத்தவரை அரியணையில் ஏற்றினார்கள். மலைகளில் இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் நாயக்கரே. முடிசூடுமுன் அவர் பெயர் கண்ணுசாமி. ஒரே இராச்சியம், இரண்டு மன்னர்கள், இரண்டு இடங்களிலிருந்து ஆணைகள். தரவுத்தளக்காரர்கள் தூக்கத்திலும் அஞ்சும் நிலை இது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்பிளிட் பிரெய்ன், பிளந்த மூளை.

2018 அக்டோபர் 21இல் மென்பொருள் உலகின் பெரும் களஞ்சியமான கிட்ஹப்பில் இது நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் உபகரணத்தை மாற்றும்போது இணைப்பு 43 செக்கன் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரைத் தரவுத்தளங்களை முதன்மையாக்கிவிட்டது. ஆனால் கிழக்கில், மேற்குக்கு வந்துசேராத சில பதிவுகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. மேற்கிலும் புதிய பதிவுகள் ஏறின. இரண்டு குறிப்பேடுகளும் பிரிந்து போயின. அறுந்தது 43 செக்கன். அதைச் சீராக்க 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் பிடித்தன.

இதற்கு மருந்து, மூன்றாவதாக ஒரு சாட்சி. இரண்டு தளங்களும் ஒன்றையொன்று காண முடியாதபோது, வேறோர் இடத்தில் இருக்கும் சாட்சி யார் பக்கம் நிற்கிறதோ அவரே முதன்மை. மற்றவர் எழுதுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மின்சாரத்தையே துண்டிப்பார்கள். கண்டியில் அந்தச் சாட்சியாக இருந்தது புனித தந்தம். அதை வைத்திருப்பவருக்கே ஆளும் உரிமை என்பது மக்களின் நம்பிக்கை. முத்துசாமியிடம் நகரம் இருந்தது, தந்தம் இல்லை. குடிகள் அவரை ஏற்கவில்லை. 1803 ஜூன் 24இல் காய்ச்சலால் நலிந்த ஆங்கிலேயப் படை சரணடைந்து வெளியேறியது. வட்டப்புலுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது, கடக்க வழியில்லை. அங்கே முத்துசாமியை ஒப்படைத்தார்கள். அவர் கொல்லப்பட்டார், படையினரும் கொல்லப்பட்டார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான 1818 கிளர்ச்சியில் தந்தம் கிளர்ச்சியாளர் கைக்குப் போய், மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இனி இவர்களே ஆட்சியாளர் என்று மக்கள் எண்ணினார்கள் என, அக்காலத்தில் தீவிலிருந்த மருத்துவர் ஜோன் டேவி பதிந்திருக்கிறார்.

நகல் காப்பாற்றாத நாள்

மாற்றுத்தளம் இருந்தால் காப்புப்பிரதி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான எண்ணம். மாற்றுத்தளம் விசுவாசமானது, முதன்மையில் ஒருவர் தவறுதலாக அழித்தால், அடுத்த செக்கனில் அதுவும் அழித்துவிடும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினியை மீட்புப்பணம் கேட்கும் தீம்பொருள் தாக்கியது. சேவையோடு, இணைப்பில் இருந்த காப்புப்பிரதியும் பூட்டப்பட்டது. சேவையை விரைவில் மீட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. கம்பியில் தொங்காத, தனியாக எடுத்துவைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. அதனால்தான் கவனமான நிறுவனங்கள் இன்னொரு மாற்றுத்தளத்தை வேண்டுமென்றே சில மணித்தியாலங்கள் பின்தங்க வைக்கின்றன. தவறு அங்கே போய்ச் சேருமுன் கையைப் பிடித்து நிறுத்தலாம். வேறொரு பிரதியை இணைப்பே இல்லாமல் பூட்டி வைக்கின்றன.

2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியியலாளர், மாற்றுத்தளம் என்று நினைத்து முதன்மையையே அழித்தார். சுமார் 300 ஜிகாபைட் போனது. ஒன்றுக்கு மேற்பட்ட காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்தில் தொட்டுப் பார்த்தபோதுதான் அவை வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. தற்செயலாக ஆறு மணித்தியாலம் முன்பு எடுத்த ஒரு பிரதி மீட்டுக்கொடுத்தது.

1815இல் நடந்தது

கண்டி மன்னர்களின் முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றதற்கு ஒரு காரணம், அவர்கள் அந்த மாற்று அரண்மனைகளில் சமாதான காலத்திலும் வாழ்ந்தார்கள் என்பது. இரண்டாம் ராஜசிங்கன் நிலம்பையிலும் ஹங்குராங்கெத்தையிலும் நீண்டகாலம் தங்கினார். நரேந்திரசிங்கன் குண்டசாலையிலேயே வாழ்ந்து "குண்டசாலை அரசர்" என்று பெயர் எடுத்தார். பாதை பழகியிருந்தது, சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, காவலனுக்கு முகம் தெரிந்திருந்தது.

1815இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தபோதும் மன்னர் மலைக்குள் ஒதுங்கினார். ஆனால் அதற்குள் பிரதானிகள் அவரைவிட்டு விலகியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான எஹெலபொல முந்திய ஆண்டே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார். பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைப் பக்கம் மன்னரைப் பிடித்தவர்கள் அவருடைய சொந்த நாட்டவர்களே. மாற்று இடம் அப்போதும் இருந்தது. இணைப்பு அறுந்திருந்தது, அறுந்ததை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சரிசெய்யவில்லை. மார்ச் 2இல் இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார்.

உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ கணினிக்குப் பொறுப்பானவரைச் சந்தித்தால், "மாற்றுத்தளம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கிறது என்றே சொல்வார்கள். "கடைசியாக எப்போது அங்கே மாறி ஒருநாள் வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். திகதி சொல்ல முடியாவிட்டால், அங்கே மாற்றுத்தளம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.