உட்காரும் உரிமை

பண்டிகைக் காலத்தில் ஜவுளிக்கடையில் மெத்தையிட்ட ஆசனத்தில் சாவகாசமாக அமர்ந்து, புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லும் நாம், அவற்றைக் காட்டுகிற பெண் காலை முதல் இரவு வரை நின்றபடியே இருக்கிறாள் என்பதைக் கவனிப்பதில்லை. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைப் புதிதாகச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி அவசியம் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை விதித்தது 2021-இல்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள், விஜி என்ற தையற்காரப் பெண்மணியின் தலைமையில் வருஷக்கணக்காகப் போராடியதன் பயனாக, கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது.

முதலாளிமார் இதனை நாற்காலி வாங்கும் செலவாக மட்டும் கருதிவிடலாகாது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் வாய்க்கும்போதெல்லாம் ஊழியர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே பிரிவின் நோக்கமாதலால், மூலையில் முக்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு, அமர்ந்தவரை மேற்பார்வையாளர் அதட்டி எழுப்புவாராயின், சட்டம் அங்கே நிறைவேறவில்லை. அமர்ந்திருக்கும் ஊழியரைக் கண்டால் வாடிக்கையாளர் அவமரியாதையாக எண்ணுவர் என்ற அச்சம் சில முதலாளிகளுக்கு உண்டு; அது ஆதாரமற்றது என்பதே என் அபிப்பிராயம். நாள் முழுதும் நிற்பதால் கால் நரம்புகள் புடைத்து வேதனைப்படுகிற பெண்களின் துன்பத்தோடு ஒப்பிட்டால் அந்த அச்சத்திற்குச் சிறிதும் மதிப்பில்லை. ஆகவே, கூட்டம் பெருகும் பண்டிகை நாட்களுக்கு முன்பே ஒவ்வொரு தளத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கைகளை அமைத்து, அவற்றில் அமர்வதற்காக எவரும் கண்டிக்கப்படலாகாது என்று மேற்பார்வையாளர்களுக்குத் தெளிவாக உத்தரவிடுதல் முதலாளியின் கடமையாகிறது.